தண்ணீர்மலைக்கு மட்டுமா பினாங்கு?
கெடா அன்பர்களுக்கு ஓர் இரண்டு நாள் பயண யோசனை

தைப்பூசம் என்றதும் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவர் நெஞ்சங்களில் முதலில் எழுவது பினாங்குத் தண்ணீர்மலையே ஆகும். பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், அலோர் ஸ்டார் என எத்திசையிலிருந்தும் பேருந்து பேருந்தாகப் புறப்படுகிறோம். காவடியும் பால்குடமும் ஏந்தி, கூட்டத்தில் நெருக்குண்டு, மலையேறி முருகப் பெருமானைக் கண்குளிரத் தரிசித்து, தண்ணீர்ப் பந்தலில் இளைப்பாறி, இரவோடு இரவாக வீடு திரும்பி விடுகிறோம். அதன்பின் அடுத்த தைப்பூசம் வரை பினாங்கை நாம் நினைப்பதில்லை.

இந்த வழக்கத்தோடு இன்னொன்றையும் நம் ஆலய நிர்வாகங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அடியேனின் வேண்டுகோள். திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு வார இறுதியில், பிள்ளைகளையும் முதியோரையும் ஒருசேர அழைத்துச் சென்று, ஜார்ஜ் டவுன் நகரை இரண்டு நாள் நிதானமாகக் காட்டி வரவேண்டும். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் எங்கள் ஆலயத்தின் சார்பில் 38 பேர் அவ்வாறு சென்று வந்தோம். அதில் கண்டதையும் கற்றதையும் மற்ற ஆலயத்தார்க்குப் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

பொதுக்கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைத்தபோது எதிர்ப்பு எழாமலில்லை. "கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணமில்லை, உங்களுக்குச் சுற்றுலா கேட்கிறதா?" என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து சென்று ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஆலயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவோரில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடைபெற வேண்டும். அடுத்த குடமுழுக்கின்போது ஓடியாடி வேலை செய்யப் போகிறவர்கள் யார்? நம் பாட்டன்மார் பால்மரம் சீவியதைத் தவிர இந்நாட்டில் வேறொன்றும் செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் ஆலயத்தின் சாவியை எப்படி ஒப்படைப்பது? இதைத்தான் அன்று சபையில் கேட்டேன். ஆலய நிதியில் ஒரு காசும் தொடாமல், குடும்பத்துக்கு மாதம் 20 ரிங்கிட் வீதம் ஆறு மாதம் சேமித்துச் செல்வதென்று முடிவாயிற்று. எதிர்த்துப் பேசிய பெரியவரும் உடன் வந்தார்.

நாளும் வழியும்

கெடாவில் வார இறுதி வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். இதனைக் கவனியாமல் திட்டமிடுவோர் தடுமாறுவர். நாம் வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டால் பினாங்கில் அது வேலை நாள். கடைகள் திறந்திருக்கும், வெளியூர்க் கூட்டம் அதிகமிராது. சனிக்கிழமை பிற்பகலில் அங்கே கூட்டம் பெருகும் வேளையில் நாம் திரும்பி விடலாம். ஆனால் வெள்ளி இரவுக்குத் தங்கும் அறை எளிதில் கிடைக்காது. ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். தனியார் துறையில் பணிபுரிவோர் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம்.

பேருந்து அமர்த்திப் பாலத்தின் மேல் போய் இறங்குவது சுலபம்தான். 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் வந்தபின் படகுத்துறையை மறந்தோர் பலர். ஆனால் இப்பயணத்திற்கு இரயிலும் பெர்ரியுமே பொருத்தம் என்பேன். அலோர் ஸ்டார், குருண், சுங்கைப் பட்டாணி நிலையங்களிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் இரயில் செல்கிறது. சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரயில் நிலையத்திலிருந்து பெர்ரித் துறைக்கு நடந்தே போய்விடலாம். கூலிம், லூனாஸ் பக்கத்து அன்பர்கள் சாலை வழியே பட்டர்வொர்த் வந்து சேர்ந்துகொள்ளலாம். 2023 முதல் ஓடும் புதிய பெர்ரிகள் கார்களை ஏற்றுவதில்லை என்பதை நினைவில் கொள்க.

பெர்ரியில் செல்வதற்கு நான் சொல்லும் காரணம் வேறொன்றும் உண்டு. நம் முன்னோர் வந்த கடல் அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் மலாயா மண்ணை முதலில் கண்டது பினாங்கில்தான். தொற்றுநோய்க்கு அஞ்சி அவர்களை ஜெரஜாக் தீவில் தனித்து வைத்திருந்த காலமும் ஒன்றுண்டு. பின்னர் கரை கடந்து, பிறையில் இரயிலேறி, கங்காணியின் பின்னே கெடாவின் தோட்டங்களுக்கு நடந்தார்கள். கூலி வேலைக்கு ஆளனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. எனினும் 1926இல் கடலில் இறங்கிய 'ரஜூலா' கப்பல் 1973 வரையிலும் உறவினரைச் சுமந்துகொண்டு வந்து போயிற்று. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு கடல்வழிப் பயணமே முடிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியா.

எங்களுடன் வந்த ஒரு பாட்டி சிறுமியாக இருந்தபோது தாயாருடன் ரஜூலாவில் வந்தவர். பெர்ரி நடுக்கடலைத் தாண்டுகையில் அவருடைய கொள்ளுப்பேத்தி, "கப்பல் எங்கே நின்றது பாட்டி?" என்று கேட்டாள். அவருக்கு இடம் நினைவில்லை. கையைப் பொதுவாகக் கடல் பக்கம் நீட்டினார். "இங்கதான் எங்கயோ. எங்கம்மா என்னைத் தூக்கிக் காட்டுச்சு. வெளக்கு வெளக்கா தெரிஞ்சுது" என்றார். அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்த நாலைந்து பிள்ளைகள் அவரைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். ஊர் எது, கப்பலில் எத்தனை நாள், என்ன சாப்பாடு என்று கேள்வி மேல் கேள்வி. பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடு கொடுத்து, தம் வீட்டு மூத்தோர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார்கள் என்பதைப் பயணத்துக்கு முன்பே கேட்டு எழுதி வரச் செய்திருந்தோம். பாதிப்பேர் எழுதி வரவில்லை. பெர்ரியை விட்டு இறங்குவதற்குள் சிலர் எழுதத் தொடங்கினார்கள்.

கோட்டையும் குயின் தெருவும்

கரையிறங்கியதும் கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்தில்தான். நுழைவுக் கட்டணம் உண்டு. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியேற்றினார். அதற்கு முன் பினாங்கு நம் கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட தீவு என்பதைக் கெடாப் பிள்ளைகள் மறக்கலாகாது. சயாமியரிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்குமென்று நம்பியே சுல்தான் தீவைக் கொடுக்க இசைந்தார். பாதுகாப்பு வரவில்லை. 1791இல் மீட்க முயன்றும் கைகூடவில்லை. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. 1800இல் எதிர்க்கரை நிலப்பகுதியும் சேர்க்கப்பட்டு, தொகை 10,000 ஆயிற்று.

கோட்டை முதலில் நிபோங் மரக் கம்புகளால் ஆன வேலி மட்டுமே. 1804 வாக்கில் அதனைச் செங்கல்லால் எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்களுடைய உழைப்பே இருக்கிறது. அவர்கள் எல்லோரும் தமிழர் அல்லர். இந்தியாவின் பல பகுதியினர். ஆயினும் அந்தச் சுவர்களைத் தொட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொன்னோம்.

கோட்டையில் நேரத்தை நீட்டிவிடாமல் குயின் தெரு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்துக்கு நடை சாத்துவதற்குள் வந்துவிட வேண்டும். நண்பகல் முதல் மாலை வரை பொதுவாக ஆலயங்கள் மூடியிருக்கும். பூசை நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து கொள்க. என் கருத்தில் இந்த இரண்டு நாள் பயணத்தின் இதயம் இவ்வாலயமே. தண்ணீர்மலைக்கு இருபது முறை வந்தவர்களில் எத்தனை பேர் இங்கே வந்திருக்கிறார்கள் என்று எங்கள் குழுவில் கேட்டேன். ஏழு கைகள்தாம் உயர்ந்தன.

1801இல் தென்னிந்தியச் சமூகத்தின் தலைவராக விளங்கிய செட்டியார் ஒருவரிடம் ஆங்கில நிர்வாகம் இந்நிலத்தை வழங்கியது. சிறு வழிபாட்டிடமாக இருந்து, 1833இல் ஆலயமாக விரிந்தது. சுற்றியிருந்த தெருக்களில் குடியிருந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், படகு வலித்தவர்கள், சிறு கடை வைத்தவர்கள். அவர்கள் கும்பிட்ட அம்மன் இவள். தோட்டங்களில் பால்மரம் நடப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே இங்கே நம்மவர் ஊர் அமைத்து, ஆலயம் அமைத்து, விழா எடுத்திருக்கிறார்கள். லைட் துரையே 1794இல் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய ஏறக்குறைய ஆயிரம் பேர் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் இருப்பதைக் குறிப்பிட்டார். அப்போது இந்நகருக்கு வயது எட்டு.

இதைக் கேட்டதும் பதினாறு வயதுப் பையன் ஒருவன், "அப்படியானால் தோட்டத்துக்கு வந்தவர்கள் முதலில் வந்தவர்கள் இல்லையா?" என்றான். இல்லை என்றேன். "பள்ளியில் யாரும் சொல்லவில்லையே" என்றான். வீட்டிலும் ஆலயத்திலும்கூட நாம் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

அம்மன் சந்நிதியில் எங்கள் ஆலயத்தின் பெயரில் அர்ச்சனை செய்தோம். பிள்ளைகளை ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக் கோபுரச் சிற்பங்களைப் பார்த்துப் பெயர் எழுதச் சொன்னோம். நவராத்திரி நிறைவில் அம்மன் தேரேறி இத்தெருக்களில் பவனி வருவாள். அப்போதும் வந்து காண்பது சிறப்பு.

பக்கத்துப் பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. கொடுக்கல் வாங்கல், கணக்குப்பிள்ளை, தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்குள்ள கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி இரதம் புறப்படுகிறது. காரைக்குடியிலிருந்து 1894இல் வந்த இரதம் அது. 2017 முதல் தங்க இரதமும் குயின் தெரு ஆலயத்திலிருந்து பவனி வருகிறது. இரதம் செல்லும் வழியெல்லாம் தேங்காய் குவிந்து சிதறுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். கூட்டமில்லாத நாளில் அதே வழியை நடந்து பார்த்தால், இரதம் எந்தெந்தத் திருப்பத்தில் நிற்கிறது, ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதெல்லாம் விளங்கும்.

மதிய உணவுக்கு இப்பகுதியில் குறையில்லை. விரதமிருப்போர்க்குச் சைவ உணவகங்கள் உண்டு. முப்பது பேருக்கு மேல் செல்வதாயின் முதல்நாளே சொல்லிவிட்டால் இலை போட்டுப் பரிமாற ஆயத்தமாக இருப்பார்கள். பிற்பகல் இரண்டு மணி நேரம் முதியோர் கட்டாயம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். ஒரே நாளில் ஏழு ஆலயம் என்று கணக்குப் போட்டு, பேருந்தில் திரைப்பாடல் அலற, வாசலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறும் யாத்திரைகளில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் எந்தச் சந்நிதியில் என்ன பார்த்தோம் என்பதே நினைவிராது.

மாலையில் தண்ணீர்மலை. அடிவாரத்து நகரத்தார் ஆலயம் 1857இல் எழுந்தது. அதன் மண்டபத்தில் அமர்ந்தாலே மனம் அடங்கும். மேலே அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் 2012இல் புதிதாகக் குடமுழுக்குக் கண்டது. படிகள் 513. இளைஞர்கள் அந்தியில் ஏறி நகரத்து விளக்குகளைக் கண்டு வரலாம். முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள். கீழே நகரத்தார் ஆலயத்தில் அவர்களுக்குத் துணையாக இருவரை விட்டுச் செல்லுங்கள்.

சனிக்கிழமைக் காலை

மறுநாள் காலை பிட் தெருவில் நடக்க வேண்டும். இப்போது அதற்கு மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என்று பெயர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1801ஐச் சேர்ந்ததே. தென்னிந்தியாவிலிருந்து வந்து சமூகத் தலைவராக உயர்ந்த காதர் மைதீன் என்பாரால் எழுப்பப்பட்டது. அம்மன் ஆலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே ஆண்டில் நிலம் கிடைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரமாதலால் இதனைச் சனிக்கு வைத்துக்கொள்வதே முறை. ஆடை ஒழுங்கு கட்டாயம். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. 'சூலியா' என்னும் சொல்லே சோழர் பெயரிலிருந்து வந்தது என்பர். நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ளும் வழக்கம் நம் பாட்டிமார் பலரிடம் இருந்தது. எங்கள் குழுவிலும் இருவர் அங்கே நின்று வணங்கினார்கள். சீனர்களின் கருணை தேவி ஆலயம், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இரண்டும் நடை தூரத்திலேயே உள்ளன. 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததற்கு இந்த நெருக்கமான வாழ்வும் ஒரு காரணம்.

கூ கொங்சி என்னும் சீனக் குலக் கோயிலுக்கும் கட்டணம் செலுத்திச் சென்றோம். 1901இல் தீக்கிரையாகி, 1906இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். எங்கள் செயலவையினர் அதைவிட அதிக நேரம் நின்றது அங்குள்ள பலகைகளுக்கு முன்னால். குலத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் ஆலயங்களில் குழல்விளக்கின் மேல் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கிறோம்! நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் பல்கலைக்கழகம் முடித்தால் அவன் பெயரை எழுத ஆலயத்தில் ஓர் இடம் வேண்டாமா? இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரவிருக்கிறோம்.

ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டிச் சுவரோவியத்துக்கு முன் படமெடுக்க இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். தடுக்க வேண்டாம். அரை மணி கொடுத்துவிடுங்கள்.

செலவும் சில குறிப்புகளும்

இரண்டு நாள் தங்க வசதி இல்லாத ஆலயத்தார் மனம் தளர வேண்டாம். கெடாவிலேயே, பீடோங்கிலிருந்து சிறிது தொலைவில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே புக்கிட் பத்து பஹாட் சண்டியைக் காணலாம். இராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்த கடாரம் நம் கெடாவே என்பது அறிஞர் பலர் துணிபு. ஒரு நாளில் போய் வந்துவிடலாம். 2013இல் அப்பகுதியின் பழஞ்சண்டி ஒன்று வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. இருப்பதைப் பிள்ளைகளுக்கு இன்றே காட்டிவிட வேண்டும் என்று நான் அவசரப்படுவது அதனால்தான்.

பினாங்குக்குச் செல்வோர் முதியோரின் மருந்து, அடையாள அட்டை, குடை ஆகியவற்றைப் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டும். நகர மையத்தில் இலவசப் பேருந்து ஓடுகிறது. நடக்க இயலாதவர்களுக்கு அது பெரும் உதவி. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று வைத்து, அவர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். தனித்து வாழும் மூதாட்டியர் இருவர் மூவரைக் குழுவின் செலவில் அழைத்துச் செல்லுங்கள். கப்பல் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் பயணம் முடிந்த பின் இளைஞர் மூவர் ஆலயத் திருப்பணிக் குழுவில் பெயர் கொடுத்தார்கள். அது பயணத்தால்தானா என்று நான் உறுதி கூறமாட்டேன். எதிர்த்துப் பேசிய பெரியவரோ, அடுத்த பயணம் எப்போது என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். இம்முறை அக்கம் பக்கத்துத் தோட்ட ஆலயங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்வதாக இருக்கிறோம். தைப்பூசத்துக்குப் பின் வரும் முதல் பள்ளி விடுமுறையில் வெள்ளிக்கிழமை காலை முதல் கொமுட்டர் இரயிலில் புறப்பாடு. சேமிப்புச் சீட்டு இம்மாத வெள்ளிக்கிழமைப் பூசையின்போது எழுதப்படும்.